குரல் இல்லாத வேளையில்

'வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும்' என்பது தோட்டப்புறப் பெரியவர்கள் சொல்லும் பழமொழி. தன் தேவையை வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தவருக்கு எங்கும் வழி பிறக்கும் என்பது அதன் பொருள். ஆனால், நன்றாகப் பேசத் தெரிந்தவரும் ஒரு சொல்கூடப் பேச முடியாமல் போகும் இடம் ஒன்று உண்டு. அதுதான் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு.

கோலசிலாங்கூர் மாவட்டத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் வாழ்ந்துவரும் மூதாட்டி ஒருவரைக் கற்பனை செய்து பார்க்கலாம். வயது எழுபதைத் தாண்டியவர். இளமையில் பால்மரம் சீவியவர். பிறகு செம்பனை மரங்களின் அடியில் உதிரிப் பழம் பொறுக்கியவர். நுரையீரல் அழற்சி முற்றி மூச்சுத் திணறல் ஏற்பட்டதால் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறார். மருத்துவர்கள் அவருடைய வாய்வழியே மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செலுத்திச் சுவாசக் கருவியோடு இணைக்கின்றனர். இரண்டு நாள்களுக்குப் பின் மயக்க மருந்து குறைக்கப்படுகிறது. பாட்டி கண் விழிக்கிறார். நா வறண்டு கிடக்கிறது, முதுகு வலிக்கிறது. பேச முயல்கிறார், ஓசை வரவில்லை.

மலாய்க்காரத் தாதி ஒருவர் குனிந்து, "அம்மா, சாக்கிட்?" என்று கேட்கிறார். வலிக்கிறதா என்பதே கேள்வி. தோட்டத்தில் அந்தச் சொல்லை அறியாதவர் இல்லை; பாட்டிக்கும் புரிகிறது. 'ஆமாம்' என்பதற்கு அடையாளமாகத் தலையை இருபுறமும் மெல்லச் சாய்க்கிறார். தமிழர் வீட்டில் அது 'ஆமாம்'. தாதியின் கண்ணுக்கோ அது 'இல்லை' என்று தலையசைப்பதாகத் தோன்றுகிறது. வலிநிவாரண மருந்து கொடுக்கப்படாமல் அந்த இரவு கழிகிறது.

இங்கே எவரும் அக்கறையின்றி நடந்துகொள்ளவில்லை. பாட்டி உண்மையைத்தான் சொன்னார். தாதியும் பரிவோடுதான் கேட்டார். இருவருக்கும் இடையே உறுதியான தொடர்பு வழி ஒன்று இல்லை என்பதே குறை. அந்த வழியை அமைத்துத் தருவதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை உலகெங்கும் தாதியர் இன்று உணர்ந்து செயல்படுகின்றனர்.

குரல் ஏன் எழுவதில்லை?

மூச்சுக்காற்று தொண்டையிலுள்ள குரல்நாண்களை அதிரச் செய்வதால் குரல் பிறக்கிறது. சுவாசக் கருவியின் குழாய் அந்தக் குரல்நாண்களின் நடுவே புகுந்து மூச்சுக்குழாய்க்குள் செல்கிறது. குழாயின் நுனியருகே உள்ள சிறிய காற்றுப்பை, பக்கவாட்டில் காற்று கசியாதபடி அடைத்துக்கொள்கிறது. காற்று முழுவதும் குழாயின் வழியாகவே சென்று வருவதால் குரல்நாண்கள் அதிர்வதில்லை. நீண்ட நாள் கருவி தேவைப்படுவோருக்குக் கழுத்தின் முன்புறம் துளையிட்டுக் குழாய் பொருத்துவர். அப்போதும் சிறப்பு அடைப்பிதழ் பொருத்தப்பட்டால் அன்றிப் பெரும்பாலோரால் பேச இயலாது.

குரல் மட்டுமன்று, வேறு பலவும் நோயாளியைக் கைவிடுகின்றன. தசைகள் தளர்ந்துவிடுவதால் பேனாவைப் பிடிக்க முடிவதில்லை. மூக்குக்கண்ணாடியும் காதுக்கருவியும் கழற்றி வைக்கப்பட்டிருக்கலாம். குழாயை அறியாமல் பிடுங்கிவிடாதிருக்கச் சிலருக்குக் கைகளை மென்மையாகக் கட்டி வைப்பதும் உண்டு. கருவிகளின் எச்சரிக்கை ஒலியும் அணையாத விளக்கும் பகலையும் இரவையும் பிரித்தறிய முடியாமல் செய்கின்றன. இதனால் பலருக்கு மனக்குழப்பம் உண்டாகிறது.

விழித்திருக்கும் நோயாளிகள்

1952ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பெருவாரியாகப் பரவியது. சுவாசத் தசைகள் செயலிழந்த நோயாளிகளைக் காப்பாற்ற மயக்கவியல் மருத்துவர் பியோன் இப்சன் புதிய முறையைக் கையாண்டார். நோயாளியின் கழுத்தில் குழாய் பொருத்தி, அதனுடன் இணைந்த பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்துவதே அம்முறை. போதிய கருவிகள் இல்லாததால் ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து நோயாளிகளின் அருகில் அமர்ந்து, மணிக்கணக்கில் பையை அழுத்தினர். அடுத்த ஆண்டில் இப்சன் அமைத்த பிரிவே இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு முன்னோடியாயிற்று.

பிற்காலத்தில் சுவாசக் கருவிகள் பெருகின. நோயாளிகளை ஆழ்ந்த மயக்கத்திலேயே வைத்திருப்பது வழக்கமாயிற்று. அந்த வழக்கத்தை மாற்றிய ஆய்வுகளுள் ஒன்று 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. 128 நோயாளிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு நாள்தோறும் ஒருமுறை மயக்க மருந்தை நிறுத்தி விழிக்கச் செய்தனர். அவர்கள் சுவாசக் கருவியில் இருந்த காலத்தின் இடைநிலை அளவு 4.9 நாளாகவும், மற்றக் குழுவினருக்கு 7.3 நாளாகவும் இருந்தது. இத்தகைய ஆய்வுகளுக்குப் பின் மயக்க மருந்தைக் குறைக்கும் போக்கு பரவியது.

இதன் விளைவாக விழித்திருக்கும் நோயாளிகளின் எண்ணிக்கை கூடியது. விழித்திருப்பவருக்குத் தாகம் எடுக்கும், அச்சம் தோன்றும், வீட்டு நினைவு வரும். கேட்க ஆயிரம் இருக்கும். கேட்கக் குரல் இருக்காது.

தோட்டத்திலிருந்து நகரத்திற்கு

மலேசியாவின் முதல் வணிகமுறைச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் கோலசிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் உருவானது. அதன் பெயரிலேயே தமிழ் ஒலிப்பதைக் காணலாம். புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயா ஆகிய ஊர்களைச் சுற்றியிருந்த தோட்டங்களில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். அக்காலத்தில் காய்ச்சல் என்றாலும் வெட்டுக்காயம் என்றாலும் முதலில் தோட்ட மருந்தகத்திற்கே செல்வர். அங்கிருந்த 'டிரசர்' பெரும்பாலும் தோட்டத்து மக்களின் மொழியை அறிந்தவராக இருப்பார். "நெஞ்சு கரிக்குது, சாமி" என்றாலும் "கால் மரத்துப் போச்சுங்க" என்றாலும் அவருக்கு விளங்கிவிடும்.

இன்று தோட்டங்கள் பல சுருங்கிவிட்டன. மக்கள் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துள்ளனர். மாவட்டத்தில் தஞ்சோங் காராங் மருத்துவமனை உள்ளது. உயர்நிலைச் சிகிச்சை தேவைப்படுவோர் கிள்ளானிலுள்ள தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை, சுங்கை பூலோ மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளுக்கு மாற்றப்படுவதுண்டு. அங்கே சிறந்த கருவிகள் உள்ளன. பயிற்சி பெற்ற மருத்துவர்கள் உள்ளனர். ஆனால், படுக்கையின் அருகில் நிற்கும் தாதிக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று கூற முடியாது. ஆகவே, தோட்டத்து முதியவர் ஒருவர் அங்கே இரண்டு பூட்டுகளைச் சந்திக்கிறார். ஒன்று குழாய், மற்றொன்று மொழி.

தாதியர் திறக்கும் வழிகள்

முதல் வழி, 'ஆமாம்', 'இல்லை' என்பவற்றுக்கு உறுதியான குறிகளை ஏற்படுத்துவது. "ஆமாம் என்றால் கண்ணை ஒருமுறை மூடித் திறங்கள், இல்லை என்றால் இருமுறை" என்று தொடக்கத்திலேயே பேசிக்கொள்ள வேண்டும். கையை அழுத்துவதையோ விரலை உயர்த்துவதையோ குறியாகக் கொள்ளலாம். பிறகு, விடை தெரிந்த கேள்வி ஒன்றைக் கேட்டு, நோயாளி குறியைப் புரிந்துகொண்டாரா என்று சோதிக்க வேண்டும். அந்தக் குறியைத் தாளில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவைத்தால் அடுத்த வேலை நேரத்தில் வரும் தாதியும் அதையே பயன்படுத்துவார். கற்பனையில் கண்ட பாட்டிக்கு இத்தகைய குறி இருந்திருந்தால் அந்த இரவு வலியோடு கழிந்திராது.

இரண்டாம் வழி, படப்பலகை. வலி, தாகம், மூச்சுத் திணறல், குளிர், வெப்பம், சளி, கழிவறைத் தேவை, பயம், குடும்பத்தினர் ஆகியவற்றைக் குறிக்கும் படங்கள் அதில் இருக்கும். படத்தின் கீழ் மலாய்ச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் எழுதப்பட்டிருந்தால், தமிழறியாத தாதியும் மலாய் வாசிக்காத முதியவரும் ஒரே படத்தில் சந்திக்க முடியும். மனித உடலின் உருவப்படத்தில் விரலை வைத்து வலிக்கும் இடத்தைக் காட்டலாம். பள்ளி செல்லாத முதியவருக்கும் இவ்வழி பயன்படும்.

மூன்றாம் வழி, கேட்கும் முறையைச் செம்மைப்படுத்துவது. அனுபவமுள்ள தாதி நோயாளியின் முகத்துக்கு நேராக நிற்பார். தொடுவதற்கு முன் தம் பெயரையும் செய்யப்போகும் பணியையும் சொல்வார். இன்று என்ன கிழமை, இப்போது காலையா மாலையா என்பதை நினைவூட்டுவார். கண்ணாடியையும் காதுக்கருவியையும் மீண்டும் அணிவிப்பார். "வலிக்கிறதா, தாகமா, குளிரா?" என்று ஒரே மூச்சில் கேட்காமல் ஒவ்வொன்றாகக் கேட்பார். கேட்டபின் விடைக்காகப் பொறுமையுடன் காத்திருப்பார். தாம் புரிந்துகொண்டதைத் திரும்பக் கூறி, சரிதானா என்று உறுதி செய்துகொள்வார்.

குறி காட்டவும் இயலாதவர்களை என்ன செய்வது? முகச்சுளிப்பு, உடலசைவு, தசைகளின் இறுக்கம், சுவாசக் கருவியோடு மூச்சு இசைந்து செல்கிறதா என்பவற்றைக் கொண்டு வலியை மதிப்பிடும் அளவுகோல்களைத் தாதியர் பயன்படுத்துகின்றனர். ஆயினும், நோயாளியே சொல்ல முடிந்தால் அவர் கூற்றுக்கே முதலிடம். மயக்கத்தில் இருப்பவரின் அருகிலும் தாதியர் கவனமாகப் பேசுவர். அந்நிலையில் கேட்ட குரல்களைப் பின்னர் நினைவுகூர்ந்தவர்கள் உண்டு. நவீனத் தாதிமைக்கு வித்திட்ட ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், நோயாளியின் அறையிலேயே நின்று கிசுகிசுப்பது கொடுமை என்று 1859ஆம் ஆண்டில் எழுதிய நூலில் கண்டித்துள்ளார்.

எழுத்தால் பேசுதல்

படப்பலகையில் இல்லாத ஒன்றைச் சொல்ல நோயாளி விரும்பினால் எழுத்துப்பலகை உதவும். பிரெஞ்சு இதழாசிரியர் ஜான் டொமினிக் போபி 1995ஆம் ஆண்டில் பக்கவாதத்தால் தாக்குண்டு, இடக் கண்ணிமையைத் தவிர உடலை அசைக்க முடியாத நிலைக்கு ஆளானார். உதவியாளர் எழுத்துகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வர, வேண்டிய எழுத்து வந்ததும் அவர் கண் சிமிட்டினார். இவ்வாறே ஒரு முழு நூலை அவர் எழுதி முடித்தார்.

தமிழில் 247 எழுத்துகள் உள்ளன. அத்தனையையும் ஒரே பலகையில் எழுதினால் நோயாளி களைத்துப்போவார். ஆனால், உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என்று 31 எழுத்துகளே இருந்தால் போதும். உயிர்மெய் எழுத்துகள் அவற்றின் சேர்க்கையே. மெய்யெழுத்துகளை வல்லினம், மெல்லினம், இடையினம் என்று ஆறு ஆறாக மூன்று வரிகளில் எழுதலாம். உயிரெழுத்துகளைக் குறில், நெடில் என்று இரண்டு வரிகளில் எழுதலாம். உதவுபவர் முதலில் வரியைச் சுட்டுவார். பிறகு அந்த வரியிலுள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சுட்டுவார்.

எடுத்துக்காட்டாக, நோயாளி 'தாகம்' என்று சொல்ல விரும்புகிறார். வல்லின வரியைத் தொட்டதும் கண் சிமிட்டுகிறார். க், ச், ட், த் என்று நான்காம் எழுத்தில் மீண்டும் சிமிட்டுகிறார். அடுத்து நெடில் வரியில் ஆ. தா என்ற எழுத்து கிடைத்துவிட்டது. இதைக் கண்டதும், "தாகமா, பாட்டி?" என்று உதவுபவர் ஊகித்துக் கேட்கலாம். ஒரு சிமிட்டலில் விடை வந்துவிடும். ஈரப் பஞ்சால் உதட்டையும் நாவையும் நனைத்தால் பாட்டியின் முகம் தெளியும். வகுப்பறையில் மனப்பாடமாகக் கற்ற எழுத்துப் பாகுபாடு ஒருவருடைய தாகத்தைத் தணிக்கவும் உதவும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பயிற்சியால் விளையும் பயன்

இவையெல்லாம் இயல்பாகவே வந்துவிடும் திறன்கள் அல்ல. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் தாதிமை ஆய்வாளர் மேரி பெத் ஹேப் தலைமையில் தீவிர சிகிச்சைப் பிரிவுத் தாதியரிடையே ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. தாதியருக்குத் தொடர்புத்திறன் பயிற்சியும் எழுத்துப்பலகை, படப்பலகை போன்ற எளிய பொருள்களும் வழங்கப்பட்டன. மற்றொரு கட்டத்தில் பேச்சுமொழி வல்லுநரின் உதவியும் சேர்க்கப்பட்டது. முடிவுகள் 2014ஆம் ஆண்டில் வெளியாயின. பயிற்சி பெற்ற தாதியரிடம், நோயாளிகள் தம் வலியைப் பற்றிய செய்தியை வெற்றிகரமாகத் தெரிவித்த விழுக்காடு கூடியிருந்தது. விலையுயர்ந்த கருவி இல்லாமலேயே பெறக்கூடிய பயன் இது.

கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் இத்திறன் கடுமையான சோதனைக்கு உள்ளானது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மலேசியாவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த கோவிட் நோயாளிகளின் எண்ணிக்கை 1,000ஐத் தாண்டியிருந்தது. சிலாங்கூர் மாநிலம் பெரிதும் பாதிக்கப்பட்டது. தாதியரின் முகங்கள் கவசத்தில் மறைந்தன. புன்னகையும் உதட்டசைவும் தெரியவில்லை. குடும்பத்தினர் அருகில் வர இயலவில்லை. அந்நாள்களில் உலகின் பல நாடுகளிலும் தாதியர் கவச உடையின் மேல் தம் பெயரைப் பெரிதாக எழுதிக்கொண்டனர். கைப்பேசியை நோயாளியின் முகத்தருகே பிடித்துக் குடும்பத்தினரின் குரலைக் கேட்கச் செய்தனர். மருந்துப் பட்டியலில் இல்லாத மருந்து அது.

நால்வருள் நோயாளியும் ஒருவர்

மருத்துவத்தை நான்கு கூறுகளாகத் திருவள்ளுவர் 'மருந்து' எனும் அதிகாரத்தில் பகுத்துக் காட்டுகிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பணிவிடை செய்பவர் என்பவை அவை. நோயாளியை அவர் சிகிச்சை பெறும் பொருளாகத் தள்ளி வைக்கவில்லை. மருத்துவத்தின் ஓர் அங்கமாகவே, அதிலும் முதலாவதாக வைத்து எண்ணுகிறார். அங்கமாக இருப்பவருக்குச் சொல்லும் உரிமையும் உண்டு. அந்த உரிமையைக் காப்பவர் அருகிலிருந்து பணிவிடை செய்பவராகிய தாதி.

இப்பணியில் குடும்பத்தினருக்கும் பங்கு உண்டு. வீட்டில் முதியவர் இருந்தால் அவரைப் பற்றிய அட்டை ஒன்றை மாணவர்களே எழுதி வைக்கலாம். அவர் எந்த மொழியில் பேசுவார்? எழுதப் படிக்கத் தெரியுமா? கண்ணாடி, காதுக்கருவி உண்டா? எப்படி அழைத்தால் அவருக்குப் பிடிக்கும்? 'ஆமாம்' என்பதை அவர் எவ்வாறு தலையசைத்துக் காட்டுவார்? எதற்கு அஞ்சுவார்? இவற்றைத் தமிழிலும் மலாயிலும் ஒரே பக்கத்தில் எழுதி, அடையாள அட்டையோடும் மருந்துச் சீட்டோடும் சேர்த்து வைத்தால் போதும். அவசர வேளையில் அந்த ஒரு தாள், பேச முடியாத தாத்தாவுக்கோ பாட்டிக்கோ வாயாக அமையும். சிகிச்சை பற்றிய முக்கிய முடிவுகளை விளக்கும்போது மட்டும், மருத்துவச் சொற்களை அறிந்த மொழிபெயர்ப்பாளரை நாடுவதே பாதுகாப்பானது.

பேச முடியாதவர்க்குப் பேச ஒன்றும் இல்லை என்று எண்ணுவது பிழை. கண்ணிமையிலும் விரல் நுனியிலும் மொழி உண்டு. அதைப் படிக்கப் பொறுமையோடு ஒருவர் அருகில் நிற்கும்போது, வாயுள்ள பிள்ளையோடு வாய் பேச இயலாத பெரியவரும் பிழைத்துக்கொள்வார்.

சிந்தித்து விடை கூறுக

1. தாதியும் மூதாட்டியும் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டதற்குக் காரணம் என்ன?
2. மயக்க மருந்தைக் குறைக்கும் போக்கு, தாதியரின் தொடர்புத்திறனை ஏன் மேலும் இன்றியமையாததாக்கியது?
3. 'வலி' என்னும் சொல்லைத் தமிழ் எழுத்துப்பலகையின் வழி உணர்த்தும் முறையைப் படிப்படியாக விளக்குக.
4. உன் வீட்டு முதியவர் ஒருவருக்கான அட்டையைத் தமிழிலும் மலாயிலும் தயாரித்திடுக.